கிளாரினெட்டின் சொந்தக் குரல்

பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்க் 1962இல் இயற்றிய கிளாரினெட்–பியானோ சொனாட்டாவையும், கருநாடக இசை மேடையில் ஏ.கே.சி. நடராஜன் நிலைநாட்டிய கிளாரினெட் வாசிப்பையும் அருகருகே வைத்து நோக்கினால், ஒரே கருவி இரு மரபுகளில் பெற்றதும் இழந்ததும் தெளிவாகும். சதிர்க் கச்சேரியில் முகவீணையின் இடத்துக்கு வந்து, பாட்டைப் பின்தொடரும் துணைக்கருவியாகவே தமிழகத்தில் காலூன்றிய கிளாரினெட், தனிக்கச்சேரிக்குரிய கருவியாக உயர்ந்ததில் நடராஜனின் பங்கு தலையாயது. நாகசுர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை அவரைக் ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ எனப் போற்றியதும், சென்னை மியூசிக் அகாடமி 2008இல் சங்கீத கலாநிதி விருது வழங்கியதும் அந்த உயர்வுக்குச் சான்றுகள்.

இந்த வெற்றியின் அருமை கருவியின் அமைப்பை அறிந்தால்தான் விளங்கும். நாகசுரத்தில் விரல் துளையை நேரடியாக மூடுவதால், விரலைச் சிறிதே நகர்த்திச் சுரத்தை வளைக்கலாம். கிளாரினெட்டிலோ பல துளைகளைக் ‘கீ’ எனப்படும் உலோக மூடிகள் அடைப்பதால், சுரம் வளையாமல் தாவிவிடுகிறது. கூம்பு வடிவ நாகசுரத்தில் ஊதும் அழுத்தம் கூடினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்க, உருளை வடிவக் கிளாரினெட்டில் சட்ஜத்துக்குரிய விரலமைப்பு மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தருகிறது. எனவே ஸ்தாயிதோறும் விரலமைப்பு மாறுவதோடு, கீழ்ப்பகுதியும் மேற்பகுதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு சுரம் ஏறுவதற்கே பல விரல்கள் ஒருசேர இயங்க வேண்டியுள்ளது. தோடியின் காந்தாரம் அங்கே அமைந்துவிட்டால், அதன் அசைவை உதட்டாலும் மூச்சாலும் மட்டுமே காப்பாற்ற முடியும். ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் வாய்ப்பாட்டுப் பயின்ற நடராஜன் அதைச் சாதித்ததே இம்மரபின் பெருமை.

ஆனால் குறையும் அங்கிருந்தே தொடங்குகிறது. வாய்ப்பாட்டை ஒத்திருப்பதே அளவுகோலானதால், வாசிக்கப்படுபவை பெரும்பாலும் பாடுவதற்கென இயற்றப்பட்ட கீர்த்தனைகளே. கிளாரினெட்டின் ஆழ்ந்த கீழ்க்குரலையும் மேற்பகுதியின் கூர்மையையும் மனத்திற்கொண்ட உருப்படிகள் போதிய அளவில் எழவில்லை. பூலாங்கின் படைப்பு இதற்கு நேர்மாறானது. அவர் மறைந்தபின் 1963இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் கிளாரினெட்டில் பென்னி குட்மனும் பியானோவில் பெர்ன்ஸ்டைனும் முதன்முதலாக அரங்கேற்றிய அந்தச் சொனாட்டா, மூன்று பகுதிகளிலும் கருவியின் இயல்பிலிருந்தே வளர்கிறது. எனினும் பியானோவின் சுரங்கள் அசையாதவை; அவற்றோடு இசைய வேண்டியிருப்பதால் கமகத்துக்கு அங்கே இடமில்லை.

இவ்விரு குறைகளும் ஒன்றையொன்று நிரப்பக்கூடியவை. அதற்கான சூழல் தமிழகத்திலேயே உண்டு. புதுச்சேரிக்கு அருகே இடையஞ்சாவடியை ஒட்டி, 1968இல் உருவான பன்னாட்டுக் குடியிருப்பான ஆரோவில்லில் பியானோ ஒலிக்கிறது. சுற்றியுள்ள ஊர்களிலோ கோயில் மேளம் ஒலிக்கிறது. அசையாத பியானோச் சுரத்தின்மீது அசையும் காந்தாரத்தை நிறுத்தி, அந்த முரணையே அழகாக்கும் ஓர் உருப்படி கிளாரினெட்டுக்கென எழுதப்படுமாயின், தமிழ் மண்ணில் இரவல் குரலில் பாடிவந்த கருவி தன் குரலிலும் பேசும்.