சிசரோவின் ஐந்தாம் நாள்

கி.மு. 45 பிப்ரவரியில் ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் மகள் துல்லியா இறந்தாள். பிள்ளை பெற்றுச் சில வாரங்களில் நேர்ந்த சாவு. இடம், ரோமுக்குத் தென்கிழக்கே துஸ்குலத்தில் இருந்த அவருடைய வீடு. அதே ஆண்டில் அவர் எழுதிய நூல்களில் ஒன்று ‘துஸ்குல உரையாடல்கள்’. ஐந்து நாள் பேச்சு, ஐந்து பகுதி. சாவு, உடல்வலி, துயரம், மற்ற மனக்கலக்கங்கள் என்று நாளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போய், ஐந்தாம் நாள் அவர் நிலைநாட்டப் பார்ப்பது இதைத்தான்: மகிழ்ச்சியாக வாழ அறம் ஒன்றே போதும், வேறெதுவும் தேவையில்லை. பேச்சு நடப்பதாக அவர் காட்டும் இடம், மகள் இறந்த அதே வீடு.

இந்த ஐந்தாம் பகுதியை ஆறுதல் நூலாகப் படித்துப் போற்றியவர்கள் பலர். அது நியாயம்தான். ஆனால் சிசரோ அதை ஆறுதலாக முன்வைக்கவில்லை, வாதமாகவே வைக்கிறார். வாதமாக எடுத்து நிறுத்தால் அது தேறாது என்பது என் கட்சி.

கருத்து அவருடைய சொந்தச் சரக்கல்ல. கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஸீனோ தொடங்கிவைத்த ஸ்டோயிக் மரபின் அடிப்படை அது. நல்லது என்றால் எப்போதும் நன்மையே செய்ய வேண்டும் என்பார்கள் அவர்கள். பணத்தையும் பதவியையும் உடல்வலுவையும் கெட்டவனிடம் கொடுத்தால் கேடுதான் விளையும். ஆகவே அவை நல்லவை அல்ல. அறம் மட்டுமே நல்லது. நலமும் செல்வமும் கிடைத்தால் ஏற்கத்தக்கவை, அவ்வளவே. மகிழ்ச்சியின் கணக்கில் அவை வரவுமில்லை, அவற்றின் இழப்பு செலவுமில்லை.

பணத்தை மனதில் வைத்துப் படித்தால் இதில் ஓட்டை தெரியாது. துல்லியாவை வைத்துப் படித்துப் பாருங்கள். மகள் என்பவள் நாம் நன்றாகவோ மோசமாகவோ பயன்படுத்துகிற பொருளா? அவள் உயிரோடு இருப்பது நல்லதா இல்லையா என்பது தகப்பன் அவளை எப்படிப் பயன்படுத்தினான் என்பதைப் பொறுத்ததா? கருவிகளைப் பற்றிய ஒரு தர்க்கத்தை மனிதர்கள்மேல் நீட்டுகிறார்கள். அங்கேதான் அது அறுகிறது.

இரண்டாம் நாள் பேச்சில் சிசரோ இரண்டு கதைகளை அடுத்தடுத்து வைக்கிறார். முதல் கதை ஹெராக்ளியாவைச் சேர்ந்த டயனீசியஸுடையது. ஸீனோவிடம் பாடம் கேட்டவர். கடுமையான சிறுநீரக வலி வந்தபோது, வலி தீமையல்ல என்று இதுவரை நம்பியது பொய் என்று கத்திவிட்டார். (வேறொரு நூலில் இதையே கண்வலி என்கிறார் சிசரோ. எந்த உறுப்பானாலும் கட்சி மாறியது மாறியதுதான்.) இத்தனை காலம் தத்துவம் படித்தும் என்னால் வலியைத் தாங்க முடியவில்லை என்றால், வலி தீமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டாராம். அடுத்தது, ரோட்ஸ் தீவில் மூட்டுவலியோடு படுத்திருந்த ஸ்டோயிக் அறிஞர் பொசிடோனியஸின் கதை. பார்க்க வந்த தளபதி பாம்பேயை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், அறம் தவிர நல்லது வேறில்லை என்பதைப் படுக்கையிலிருந்தே விரித்துரைத்தார். வலி சுருக்கென்று பிடித்தபோதெல்லாம், என்ன செய்தாலும் உன்னைத் தீமை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று வலியிடமே சொன்னாராம்.

டயனீசியஸைக் கோழையாகவும் பொசிடோனியஸை வீரராகவும் காட்டுவது சிசரோவின் நோக்கம். நானும் பொசிடோனியஸை மெச்சுகிறேன். ஆனால் அவர் நிரூபித்தது என்ன? தாங்கும் திறனை. மகிழ்ச்சியை அல்ல. இன்னொன்றும் இருக்கிறது: வலி உண்மையிலேயே தீமையல்ல என்றால் அங்கே தாங்குவதற்கு எதுவும் இல்லை, நாம் மெச்சுவதற்கும் எதுவும் இல்லை. அவரைப் பாராட்டும்போதே அவர் சொன்னதை மறுத்துவிடுகிறோம். இடுக்கண் அழியாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் நல்குரவுக்கும் தனி அதிகாரம் வகுத்தார்; மனத்திடம் உள்ளவனுக்கு வறுமை உறைக்காது என்று அங்கே எழுதவில்லை.

ஸ்டோயிக்குகள் வருவதற்கு முன்பே இந்தக் கேள்விக்கு அரிஸ்டாட்டில் விடை சொல்லியிருந்தார். சித்திரவதைச் சக்கரத்தில் கிடப்பவனும் நல்லவனாக இருந்தால் மகிழ்ச்சியானவனே என்பது பொருளற்ற பேச்சு என்று ‘நிகோமாக்கிய அறவியல்’ நூலில் தள்ளிவிடுகிறார். அவர் எடுத்துக்காட்டும் ஆள் டிராய் மன்னன் பிரையம்: முதுமையில் பிள்ளைகளையும் நகரத்தையும் இழந்தவன். அப்படிப்பட்டவனை யாரும் பாக்கியசாலி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நல்லவன் அந்த நிலையிலும் இழிவானதைச் செய்ய மாட்டான். அதனால் அவன் கடையனாகிவிடுவதும் இல்லை. மகிழ்ச்சி பறிபோகலாம், அவன் பறிபோக மாட்டான். சிசரோ தேடியதற்கு மிக நெருங்கிய விடை இதுதான் என்று நினைக்கிறேன்.

அரிஸ்டாட்டிலிடம் கறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மகிழ்ச்சிக்கு வேண்டிய புறப்பொருள்களின் பட்டியலில் நல்ல குலத்தையும் அழகையும் சேர்க்கிறார். சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்றும் எழுதியவர். அந்தப் பட்டியலோடு பார்த்தால் மகிழ்ச்சி என்பது வசதியுள்ள ஏதென்ஸ் ஆண்களின் குடும்பச் சொத்துபோல் ஆகிவிடுகிறது. இங்கே ஸ்டோயிக்குகள் ஒரு படி மேலே நிற்கிறார்கள். அவர்களுடைய பெரிய ஆசிரியர்களில் ஒருவரான எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர். இந்த எடை சாதாரணமானதல்ல. ஆனால் விலங்கு உன் மகிழ்ச்சியைத் தொடாது என்ற சொல் அடிமைக்கு எவ்வளவு தெம்போ, அவ்வளவு வசதி எசமானுக்கும். குலமும் அழகும் பட்டியலிலிருந்து போகட்டும். பிள்ளை, நண்பர், வலியில்லாத உடல், நாட்டில் நியாயம் ஆகியவற்றை எடுக்க முடியுமா?

சிசரோ ஏதென்ஸில் பாடம் கேட்ட அந்தியோக்கஸ் ஒரு சமரசம் சொன்னார்: அறம் இருந்தால் மகிழ்ச்சி உண்டு, புறநலன்களும் சேர்ந்தால் முழு மகிழ்ச்சி. வலியும் இழப்பும் தீமைகள்தாம் என்றால் அவற்றில் மூழ்கியவன் எப்படி மகிழ்ச்சியானவன் என்று சிசரோ மடக்குகிறார். சரியான மடக்கு. ஆனால் அதிலிருந்து ஸ்டோயிக் பக்கம் தாவுவது ஏன்? அவர்கள் முரணில்லாமல் பேசுகிறார்கள் என்பதற்காக. முரணின்மை உண்மைக்குச் சான்றாகாது. ஸ்டோயிக்குகள் சொல்லை மட்டும்தான் மாற்றினார்கள் என்று முன்பு எழுதினீர்களே என்று ஐந்தாம் நாள் ஒருவர் கேட்கவும் செய்கிறார். அன்றன்றைக்கு எது மனதுக்குப் பொருத்தமாகப் படுகிறதோ அதைச் சொல்கிறேன் என்பதுபோல் பதில் வருகிறது. சிசரோவைப் போன்ற ஐயவாதிக்கு அந்த உரிமை உண்டு. அதை ஏற்காமலிருக்க நமக்கும் உண்டு.

இனி கடிதங்கள். மகள் போனபின் அஸ்தூரா கடற்கரை வீட்டிலிருந்து நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதுகிறார்: காலையில் அடர்ந்த காட்டுக்குள் போனால் மாலைவரை வெளியே வருவதில்லை. துல்லியாவுக்கு ஒரு கோயில் எழுப்ப டைபர் ஆற்றுக்கு அப்பால் தோட்டம் தேடுகிறார், அதற்காக வரவேண்டிய கடனைக் கணக்குப் பார்க்கிறார். கிரேக்கத்திலிருந்து நண்பர் சுல்பிசியஸ் எழுதிய ஆறுதல் கடிதம் புகழ்பெற்றது: கொரிந்து, மெகாரா போன்ற பெருநகரங்களே பாழாய்க் கிடக்கின்றன, ஒரு பெண்ணின் உயிருக்காக இப்படி உடைவதா? சிசரோவின் பதில் அதைவிட முக்கியமானது. பிள்ளையை இழந்த பழைய பெரியவர்களுக்குப் பொதுவாழ்க்கை தேறுதலாக இருந்தது, எனக்கு அதுவும் போய்விட்டது என்கிறார். சீசரின் ஆட்சி நடந்த காலம். சிசரோ தன் கையாலேயே எழுதிய அரிஸ்டாட்டிலிய வாக்குமூலம் இது.

இதைக் காட்டி அவரை வேடதாரி என்பது மலிவான விமரிசனம். அழுததில் பிழையில்லை. ஐந்தாம் நாள் கொள்கைதான் அந்த அழுகையைப் பிழையாக்குகிறது: அறம் போதுமென்றால், துயரப்படுகிறவனிடம் அறம் குறைவு என்றாகிவிடும். இழந்தவன் தலையில் குற்றத்தையும் ஏற்றுகிற கொள்கையை ஆறுதல் என்று எப்படிச் சொல்வது? அறம் மனிதனைக் கீழே விழாமல் காக்கிறது. அந்த அளவுக்கு ஸ்டோயிக்குகள் சொன்னது சரி. மகிழ்ச்சிக்கு அது போதும் என்றது தவறு. ‘துஸ்குல உரையாடல்கள்’ படிப்பவர்கள், அட்டிக்கஸுக்கு எழுதிய கடிதங்களின் பன்னிரண்டாம் பகுதியையும் அதோடு சேர்த்தே படியுங்கள்.