எலும்புப் பிடியில் விண்ணிரும்பு

வடமேற்கு கிரீன்லாந்தின் இனுகுவிட் மக்கள் முற்காலத்தில் செய்த கத்தியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எலும்பிலோ கடல் விலங்கின் தந்தத்திலோ ஒரு பிடி. அதன் விளிம்பு நெடுக மெல்லிய பள்ளம். பள்ளத்துக்குள், ஈறில் பல் இறங்கியதுபோல, சின்னச் சின்ன இரும்புத் தகடுகள் வரிசையாக இறுகி நிற்கின்றன. ஒரே நீள அலகு கிடையாது. நகமளவுத் துண்டுகள் தோளோடு தோள் சேர்ந்துதான் வெட்டும் முனையாகின்றன. ஒன்று மழுங்கினால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இரும்பின் அருமை தெரிந்த கை செய்த வேலை இது!

கிரீன்லாந்தில் இரும்புத் தாது உண்டு. ஆனால் தாதுவை உருக்க உலை வேண்டும், உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். அந்த வடகோடியில் மரமே வளராது. கடல்நாய்க் கொழுப்பில் எரியும் விளக்குதான் வீட்டுக்கு அடுப்பு. அந்தச் சூட்டில் தாது அசையாது.

பிறகு இரும்பு எங்கிருந்து வந்தது? வானம் கொடுத்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள யார்க் முனைப் பக்கம் விழுந்த விண்கல், நிக்கல் கலந்த உலோகமாகவே வந்து சேர்ந்தது. பெரிய துண்டுகளுக்கு மக்கள் 'கூடாரம்', 'பெண்', 'நாய்' என்று பெயரிட்டிருந்தார்கள். அந்த இரும்பை நெருப்பே இல்லாமல் கல்லால் அடித்துச் சில்லு பெயர்த்தார்கள். சில்லைத் தட்டித் தட்டித் தகடாக்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவை அந்தச் சம்மட்டிக் கற்கள்தாம். கடினமான எரிமலைப் பாறைக் கற்கள். விண்கல் கிடந்த இடத்தில் அந்த வகைக் கல் கிடையாது, வேறிடத்திலிருந்து கொண்டுவந்தவை. 'பெண்' கிடந்த இடத்தைச் சுற்றி அவை ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் யாரோ பனியில் சுமந்து வந்திருக்கிறார்கள், கை ஓயும்வரை அடித்திருக்கிறார்கள். இப்படிப் பெயர்த்த இரும்பு கை மாறிக் கை மாறிக் கனடாவின் ஆர்க்டிக் பகுதிகள் வரை போயிருக்கிறது.

1818இல் ஜான் ராஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் தலைவர் இந்தக் கத்திகளைக் கண்டு வியந்தார். பிறகு கப்பல்களோடு உருக்குக் கத்தியும் ஊசியும் வரத் தொடங்கின. கடைசியில் ராபர்ட் பியரி என்ற அமெரிக்க ஆய்வுப் பயணி வந்து, 1895இல் 'பெண்'ணையும் 'நாயை'யும், 1897இல் சுமார் 31 டன் எடையுள்ள 'கூடாரத்தை'யும் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார். அந்த மக்களின் தலைமுறை தலைமுறையான இரும்புச் சுரங்கத்தை அவர் எடுத்துச் சென்றது நியாயமே இல்லை.

மூன்றும் இப்போது நியூயார்க்கில், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கே போகிறவர்கள் பெரிய 'கூடாரத்தை' அண்ணாந்து பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். பக்கத்திலிருக்கும் 'பெண்'ணிடமும் போய் நில்லுங்கள். அத்தனை சம்மட்டிக் கற்களின் அடியையும் வாங்கியது அதுதான்.