கடலடி வரைபடம்: ஒரு பிரதியின் மௌனங்கள்

வரைபடத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்றால் அறிவியல் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. 'அதெல்லாம் கவிதைக்கு வெச்சுக்கோங்க, இது அளந்து போட்டது' என்கிறார்கள். அளந்ததுதான். யார் அளந்தார்கள், அளக்காத இடத்தில் என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. மேரி தார்ப்பும் புரூஸ் ஹீஸனும் 1957இல் வெளியிட்ட வட அட்லாண்டிக் கடலடி வரைபடத்தை முன்வைத்து இதைப் பேசலாம்.

கடலடியை யாரும் பார்த்து வரையவில்லை, கேட்டு வரைந்தார்கள். கப்பலிலிருந்து கீழே அனுப்பிய ஒலி தரையில் மோதித் திரும்புகிறது. நீரில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். நாலு நொடியில் எதிரொலி வந்தால் ஆழம் 3000 மீட்டர். ஆனால் கப்பல் போன கோட்டில் மட்டும்தான் இந்த எண்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே பெரும் மௌனம்.

அந்தக் கப்பல்களில் தார்ப் இல்லை. பெண்களை ஏற்ற மாட்டார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமண்ட் ஆய்வகத்தில், மேசைமுன் உட்கார்ந்து மற்றவர்கள் கொண்டுவந்த எண்களை வரைந்தார். 1952இல் ஆறு குறுக்குவெட்டுகளை வரிசையாக அடுக்கியபோது, நடுக்கடல் மலைத்தொடரின் முகட்டில் ஒரு பள்ளம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். அங்கே தரை பிளந்து விலகுகிறது என்று பொருள். அப்படியானால் கண்டங்கள் நகர்கின்றன. அன்றைய அமெரிக்கப் புவியியலில் அது கெட்ட வார்த்தை. 'பொம்பளப் பேச்சு' என்று தள்ளிவிட்டார் ஹீஸன். அதே ஆய்வகத்தில், காது கேளாத ஓவியரான ஹோவர்ட் ஃபாஸ்டர் நிலநடுக்க மையங்களைப் புள்ளியிட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் புள்ளிகள் பள்ளத்துக்குள் விழுந்தன. 'பேச்சு' கண்டுபிடிப்பாயிற்று. இந்தப் பிளவு உலகக் கடல்களைச் சுற்றி ஓடுகிறது என்று 1956இல் அறிவித்த கட்டுரையில் இருந்த பெயர்கள் யூவிங், ஹீஸன். தார்ப் ஆய்வுக்கப்பலில் ஏற 1968 ஆயிற்று.

இந்த அநீதியை இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் நாயகன் நாற்காலியில் நாயகியை உட்காரவைத்தால் வேலை முடிந்துவிடுமா? பிரதியின் அழகியலைப் பாருங்கள். பனிப்போர்க் காலம், ஆழ எண்களை அமெரிக்கக் கடற்படை ரகசியமாக்கி வைத்திருந்தது. சம ஆழக் கோடுகள் போட்ட வரைபடத்தை வெளியிட முடியாது. ஆகவே மலைகளையும் சரிவுகளையும் மேலிருந்து பார்ப்பதுபோல் தீட்டும் முறைக்குப் போனார்கள். தரையின் சொரசொரப்பை அது நன்றாகவே காட்டியது. ஆனாலும் நாம் வியக்கிற அந்த ஓவிய அழகு தணிக்கைக்குப் பிறந்தது. தரவே இல்லாத இடத்தில் பெரிய குறிப்புப் பெட்டி ஒன்றைப் போட்டு மூடினார்கள். பழைய வரைபடங்களில் கடற்கன்னி நீந்திய இடம் அது.

இன்னொன்றும் நடந்தது. பிளவை ஒப்புக்கொண்ட ஹீஸன், பூமியே ஊதிப் பெருக்கிறது என்று அதை வாசித்தார். பிரதி அவரை மீறிப் போயிற்று. முகட்டின் எரிமலைக் குழம்பில் புதுத் தரை பிறக்கிறது, பழைய தரை ஆழ்கடல் அகழிகளில் உள்ளே போகிறது, பூமி பெருக்க வேண்டியதில்லை என்ற வாசிப்பே 1960களில் நிலைத்தது. ஆசிரியர் நினைத்ததுதான் பொருள் என்று இன்னும் அடம்பிடிக்கும் நம் விமர்சகர்கள் இதைக் கவனிக்கலாம்.

மௌனம் இன்றும் தீரவில்லை. 2025 ஜூன் கணக்குப்படி சோனார் முதலியவற்றால் நேரடியாக அளக்கப்பட்ட கடலடி 27.3 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதி, கடல்மட்டம் லேசாக ஏறி இறங்குவதைச் செயற்கைக்கோள் அளந்து, அதை வைத்து ஊகித்தது. திரையில் அளந்ததும் ஊகித்ததும் ஒரே நீலம்.

நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். இந்தியப் பெருங்கடலின் வடமேற்கில் ஓடும் பிளவுத்தொடரின் பெயர் கார்ல்ஸ்பர்க். 1928-30இல் நடந்த டேனிஷ் கப்பல் பயணத்துக்குப் பணம் கொடுத்த பீர் ஆலை அறக்கட்டளையின் பெயர் அது. 2025 செப்டம்பரில் அந்தத் தொடரில் 10,000 சதுர கிலோமீட்டரில், பிளவின் வெந்நீர் ஊற்றுகள் படியவைத்த செம்பு, துத்தநாகத் தாதுக்களைத் தேட சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. தார்ப் பிளவாக வாசித்ததைச் சுரங்கமாக வாசிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்.

இனி வரும் வரைபடங்களில் குறிப்புப் பெட்டி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கவேண்டியது புவியியலாளர் மட்டும் அல்ல, நாமும்தான்.