மன ஆறுதலும் மக்கள் இலக்கியமும்

நெஞ்சின் சுமையை இறக்கிவைக்க ஒருவன் எழுதுகிறான். பிறர் படிக்கவேண்டுமென்று மற்றொருவன் எழுதுகிறான். முன்னையதே உண்மை எழுத்து, பின்னையது வெறும் தொழில் என்பாரும் உளர். சமுதாயத்துக்குப் பயன்படாத புலம்பலை இலக்கியமெனக் கொள்ளலாகாது என்பாரும் உளர். இவ்விரு கூற்றுக்களையும் கொள்கையளவில் நிறுத்துப் பார்ப்பதிலும், பெருந்துயர் கண்ட ஒரு மண்ணின் எழுத்துக்களோடு பொருத்திப் பார்ப்பதே தக்கது. வன்னி அத்தகைய மண்.

2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. அதன்பின் மே மாதம்வரை மக்கள் கிழக்கு நோக்கித் தள்ளப்பட்டு, முல்லைத்தீவுக் கரையோரத்துக் குறுகிய மணற்பரப்பில் அடைபட்டனர். உயிர் தப்பியவர்களில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வவுனியா மாவட்டத்து முகாம்களில் முட்கம்பிகளுக்குள் வைக்கப்பட்டனர். கடைசி முகாம் மூடப்பட்டது 2012இலேதான். இறந்தவரைப் புதைக்க நேரமில்லை. வாய்விட்டு அழ இடமில்லை. அன்று அழ முடியாமற்போன அழுகையே பின்னர் எழுத்தாயிற்று.

அழுகை தனி ஒருவரின் சொத்தா? நம் கிராமத்துச் செத்தவீட்டை நினைத்துப் பார்ப்போம். ஒப்பாரி சொல்லும் பெண் தனியே இருந்து அழுவதில்லை. அயலவரைக் கட்டிப்பிடித்து, இறந்தவனின் உறவையும் உழைப்பையும் குணத்தையும் ஒழுங்காகச் சொல்லி அழுகிறாள். கேட்பவர்களும் தத்தம் இழப்பை அதிற் காண்கின்றனர். அவளுடைய சுமை இறங்குவதும் கேட்போர் நெஞ்சு கலங்குவதும் வெவ்வேறு செயல்கள் அல்ல.

விஞ்ஞானமும் இதற்கு முரணாகப் பேசவில்லை. 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், மாணவர் சிலரைத் தமக்கு நேர்ந்த கொடிய அனுபவங்களைப் பற்றி நான்கு நாட்கள், நாளொன்றுக்குப் 15 நிமிடம் எழுதச் செய்தார். பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடுவது குறைந்தது. அவருடைய பிற்கால ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: எழுத எழுதக் காரணத்தையும் விளக்கத்தையும் குறிக்கும் சொற்கள் யாருடைய எழுத்திற் பெருகினவோ, அவர்களே கூடிய நலம் பெற்றனர். கொட்டித் தீர்ப்பது மட்டும் ஆறுதலன்று. நடந்ததை விளங்கிக்கொள்வதே ஆறுதல். விளங்கிக்கொண்டதைத்தானே பிறருக்கும் விளக்க முடியும்?

இவ்வளவுகோலைக்கொண்டு இரு நூல்களை நோக்குவோம். தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ 2013இல் வெளிவந்த நாவல். பேரப்பிள்ளைகளோடு இடம்பெயரும் ஒரு முதியவளின் கண்வழியே அது போரைக் காண்கிறது. அரிசியும் விறகும் பதுங்குகுழியும் அதிற் பெரிய செய்திகளாகின்றன. இது நாவலன்று, வெறும் பதிவு என்று குறை கூறுவதுண்டு. அக்குறையை நாம் ஏற்பதற்கில்லை. எத்தகைய துயரமும் அடுப்படி வழியாகவே ஏழையின் வீட்டுக்குள் நுழைகிறது. அதை அறிந்து எழுதியமையால் ஒருத்தியின் நினைவு ஊரின் நினைவாயிற்று.

‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016இல் வந்தது. புலிகள் இயக்கத்தின் அரசியற்றுறை மகளிர் பொறுப்பாளராயிருந்த தமிழினி, சிறையும் புனர்வாழ்வு நிலையமும் கண்டு மீண்டவர். நூல் அச்சேறுமுன்பே 2015இல் மறைந்தார். தாம் நம்பியதையும் செய்ததையும் தாமே விசாரித்துப் பார்க்கும் எழுத்து அது. அவர் முடிவுகளோடு உடன்படாதார் பலர் உளர். ஆயினும், சாமிநாதன் விமலின் மொழிபெயர்ப்பில் அந்நூல் சிங்கள வாசகரையும் சென்றடைந்தது. தன்னிரக்கம் மட்டும் நிறைந்த எழுத்தாயின் அந்த எல்லையை அது கடந்திருக்குமா?

ஆகவே வாசகனை எண்ணி எழுதுவது குற்றமன்று. எந்த வாசகனை எண்ணுகிறோம் என்பதே கேள்வி. தொலைவிலிருந்து கண்ணீரை எதிர்பார்ப்பவனுக்காக எழுதினால், வன்னி வெறும் பிணக்காடாகிவிடும். வீரத்தை எதிர்பார்ப்பவனுக்காக எழுதினால், வெறும் பாசறையாகிவிடும். வயலும் குளமும் கூலியும் கடனும் காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாயும் இரண்டிலும் மறைந்துபோவர். கைதட்டலுக்கு எழுதுவதும் வாசகனுக்கு எழுதுவதும் ஒன்றல்ல.

இங்கே பொருளாதாரமும் குறுக்கிடுகிறது. தண்ணிமுறிப்பைக் களமாகக்கொண்ட அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வீரகேசரி வெளியீடாகக் கொழும்பில் அச்சாகி நாட்டு வாசகரிடம் வந்தது. மேலே கூறிய இரு நூல்களோ தமிழகத்தில் அச்சானவை. கடல் கடந்து வரும் நூலின் விலை கூலி உழைப்பாளியின் கைக்கு எட்டுவதன்று. எவருடைய துயர் எழுதப்பட்டதோ, அவரே அதன் வாசகராக முடியாதிருப்பது இலக்கியத்தின் குறை மாத்திரமன்று. சமுதாய அமைப்பின் குறையுமாகும்.

தனக்கென எழுதிப் பெட்டியில் வைக்கும் தாயின் குறிப்பேட்டை விமர்சிக்க எவருக்கும் உரிமையில்லை. அச்சேறிய எழுத்தோ மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. ஆசிரியர்களும் மாணவர்களும் இந்நூல்களை ஊர் வாசிகசாலைகளுக்குக் கொண்டுசெல்லட்டும், உரக்கப் படிக்கட்டும், “நடந்தது இப்படித்தானா?” என்று அங்கிருப்போரைக் கேட்கட்டும். அம்மக்கள் திருத்திச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் நாளைய வன்னி இலக்கியத்துக்கு விதைநெல்லாகும்.