அறைக்குள் நுழையும் முகம்

சாலிகிராமத்தில் ஒரு படக் கம்பெனியில் நான் பார்த்தது இது. அப்பா வேடத்துக்கு வந்திருந்த படங்கள் மேசைமேல் பரப்பிக் கிடந்தன. உதவி இயக்குநர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "சின்ன வயசாத் தெரியுறாரு" என்று ஒதுக்கிவைத்தார். கால்மணி நேரம் கழித்து அதே நடிகர் வேறு யாரையோ பார்க்க உள்ளே வந்தார். காதோரம் நரை, கண்ணுக்குக் கீழே தொய்வு, சற்றே தளர்ந்த தோள். தேடிக்கொண்டிருந்த அப்பா அப்படியே எதிரில் நின்றார். படத்தில் இருந்தவரோ பத்து வருஷத்துக்கு முந்தையவர், மீசைக்கு மை பூசியவர்.

நடிகர் தன் படத்தைப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். அமெரிக்காவில் எட்டுக்குப் பத்து அங்குலப் படத்தின் முதுகில் நடித்த விவரங்களை ஒட்டிக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். படத்தில் இருப்பவர்தான் அறைக்குள் நுழைய வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி. நம் ஊரில் ஆல்பம் சுமந்து கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிய காலம் போய், இன்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். விதி மட்டும் மாறவில்லை.

ஆனால் புதுப்பிப்பது என்றாலே இளமையாக்குவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். புதுப் படத்திலும் சுருக்கத்தை அழித்து, புருவத் தழும்பை மறைத்துவிட்டால் பழைய படத்தையே அனுப்பியிருக்கலாம். 'மங்காத்தா'வில் (2011) அஜித் நரையோடு வந்தபோது ஊரே கொண்டாடியது. அவர் நட்சத்திரம், அந்தத் துணிவு அவருக்குக் கட்டுப்படியாகும். முப்பத்தைந்து வயது நடிகை இன்றைய முகத்தை அனுப்பினால், அம்மா வேடத்துக்குத்தான் கூப்பிடுவார்கள் என்று பயப்படுகிறார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பழைய படத்தையே அவர் வைத்திருப்பதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; கோபமெல்லாம் வேடம் கொடுப்பவர்கள்மேல்தான்.

இன்னொரு கோளாறு வளரும்போது வருவது. ஒரு படத்தில் ரவுடியாகப் பெயர் வாங்கியவர் அடுத்த மாதமே முறைத்த பார்வையும் அரிவாளுமாக ஆல்பத்தை மாற்றிவிடுகிறார். நாலு வாய்ப்பு வரும், உண்மை. நாலும் ரவுடி. பெயர் வாங்கிய பிறகுதான் வேடம் கலைந்த, சாதாரணமான ஒரு படம் அவருக்கு அதிகம் தேவை. இவருக்குள் ஒரு வாத்தியாரும் இருக்கிறார் என்று பார்ப்பவருக்குத் தோன்ற அதில் இடம் இருக்கும்.

படத்தால் ஆகாததும் உண்டு. 1990லேயே திரைக்கு வந்துவிட்ட விக்ரமை ஊர் திரும்பிப் பார்க்க 'சேது' (1999) வர வேண்டியிருந்தது. குரலும் நடையும் வசனத்துக்கு நடுவே விடும் மூச்சும் எந்த ஸ்டில்லிலும் விழாது. அதனால் ஒரு நிமிடம் பேசிய வீடியோவும் கூடவே போக வேண்டும் என்பேன்.

செலவைச் சொல்லாமல் விட முடியாது. நாள் பேட்டாவை நம்பி வாழ்பவரிடம் வருஷா வருஷம் போட்டோஷூட் நடத்தச் சொல்வது கொடுமை. நரை ஏறினால், எடை மாறினால், தாடி வைத்தால் எடுக்கட்டும், மற்றபடி தேவையில்லை. ஸ்டுடியோவும் வேண்டாம். அன்றைக்கு அந்த நடிகரை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, உதவி இயக்குநர் தன் செல்போனிலேயே எடுத்தார். நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. நடிகர் சட்டைப் பையில் சீப்பைத் தேடினார்.

"வேண்டாம்ணே, அப்படியே இருங்க."