கேன்டீன் உண்டு, கிளாஸ் இல்லை!

காலை ஏழே கால் மணிக்குப் படப்பையில், வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டோரம் நின்று பாருங்கள். இரண்டு விதமான பஸ்கள் போகும். ஒன்று, இன்ஜினீயரிங் காலேஜ் பஸ். உள்ளே ஈரத் தலையும் கழுத்தில் ஐ.டி. கார்டுமாகப் பிள்ளைகள். இன்னொன்று, ஒரகடம் பக்கம் போகிற கம்பெனி பஸ். உள்ளே யூனிஃபார்மோடு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்கள். முதல் பஸ்ஸிலிருந்து இறங்கி, இரண்டாவது பஸ்ஸில் இன்ஜினீயராக ஏற வேண்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் லட்சியம் அவ்வளவுதான். நாலு வருஷம், அம்மாவின் நகை, பேங்க் லோன் எல்லாமே இந்த ஒரு ரோட்டைக் கடக்கத்தான்.

ஒரகடத்தில் 2010-ல் ரெனோ - நிஸான் வந்தது. 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. கார், லாரி, புல்லட் என்று எல்லாம் இங்கேயே தயாராகிறது. 'வீட்டு வாசலிலேயே வேலை இருக்கு, படிச்சா போதும்' என்று நம்பாத அப்பாவே இந்த வட்டாரத்தில் இல்லை.

அப்படி நம்பிய ஓர் அப்பாவின் மகனைத்தான் அந்த டீக்கடையில் பார்த்தேன். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தவன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தான். ஒரு உதிரிபாக கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பக்கத்து மெஷினில் நிற்கிறவர் ஐ.டி.ஐ. படித்தவர். இரண்டு பேருக்கும் ஒரே வேலைதானாம்.

நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் சினிமா பற்றிப் பேச ஆரம்பித்தான்.

"டி.வி.யில 'வேலையில்லா பட்டதாரி' போட்டான் சார். அப்பாகூட உக்காந்து பார்த்தேன். படம் முடிஞ்சதும், 'அவனாச்சும் பில்டிங் கட்டுறான். நீ காலேஜுக்குப் போயி கூத்தடிச்சதுதான் மிச்சம்'னாரு."

"கூத்தடிச்சியா?"

"அட நீங்க வேற! காலையில எட்டு மணியில இருந்து கிளாஸ். செல்போன் எடுத்தா ஃபைன். பொண்ணுங்ககூட பேசினா ஐ.டி. கார்டைப் புடுங்கிடுவாங்க. சொன்னா அவரு நம்ப மாட்டேங்குறாரு சார். அவரு பார்த்த காலேஜெல்லாம் சினிமா காலேஜ்!"

எனக்கு டீ தொண்டையில் நின்றது. தமிழ் சினிமா பற்றி நான் படித்த பல விமர்சனங்களைவிட இது பெரிய விமர்சனம். அந்த அப்பா தண்ணி லாரி ஓட்டுகிறவர். கல்லூரிக்குள் கால் வைத்தது அட்மிஷன் அன்றைக்கு ஒரு தடவை. உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு வேறு யார் சொன்னார்கள்? சினிமாதான் சொன்னது. என்ன சொன்னது என்று ஒரு ஐந்தொகை போட்டுப் பார்ப்போம். நான் பி.காம்., வேறு எப்படி யோசிப்பேன்?

வரவுப் பக்கம் கொழிக்கிறது. கேன்டீன், சைக்கிள் ஸ்டாண்டு, ராகிங், கல்ச்சுரல்ஸ், எலெக்‌ஷன், டூர், காதல். 'இதயம்' (1991) வந்த பிறகு மறைந்த முரளியைப் புத்தகமும் கையுமாக அனுப்பி, 'இன்னும் டிகிரி வாங்கலையா?' என்று நாம் கேலி செய்ததே ஒரு தனி வரலாறு.

பற்றுப் பக்கம்? இரண்டே இரண்டு விஷயங்களைக் காணோம். ஒன்று, வகுப்பு. இன்னொன்று, வேலை. அதாவது, எதற்காக ஃபீஸ் கட்டுகிறோமோ அந்த இரண்டும்! வாத்தியார் போர்டு பக்கம் திரும்பி அரை வரி எழுதுவார். பின் பெஞ்சிலிருந்து ஒரு ராக்கெட் பறக்கும். 'கெட் அவுட்!' என்பார். எல்லோரும் கேன்டீனுக்குப் போவார்கள். அந்த அரை வரி என்ன பாடம் என்று எந்த டைரக்டரையாவது கேட்டுப் பாருங்கள்!

ஒரு காலத்தில் வேலை இல்லாத கொடுமையையாவது சினிமா சொன்னது. 1980-ல் இரண்டு படங்கள். பாரதிராஜாவின் 'நிழல்கள்', கே.பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு'. தத்துவம் படித்த ரங்கன் டெல்லித் தெருக்களில் வேலை தேடுகிறான், இன்டர்வியூவில் கொதிக்கிறான், கடைசியில் சவரக் கத்தியைக் கையில் எடுக்கிறான். 2007-ல் ராம் எடுத்த 'கற்றது தமிழ்', எம்.ஏ. தமிழ் படித்தவனையும் சாஃப்ட்வேர் சம்பளத்தையும் எதிரெதிரே நிறுத்தியது. முடிவில் உடன்படாதவர்கள்கூட கேள்வியை ஒதுக்க முடியவில்லை. அதே வருஷம் பாலாஜி சக்திவேலின் 'கல்லூரி' வந்தது. அரசு கலைக் கல்லூரிப் பிள்ளைகளின் வறுமையையும் சிரிப்பையும் மேக்கப் இல்லாமல் காட்டிய படம்.

இன்ஜினீயரிங் அலை அடித்த பிறகுதான் வேடிக்கை. தமிழ்நாட்டில் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. 2010-11 முதல், குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு அரசு கல்விக் கட்டணச் சலுகை கொடுத்தது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் கல்லூரி பஸ்ஸில் ஏறினார்கள். திரையில் என்ன நடந்தது? 'விண்ணைத்தாண்டி வருவாயா' (2010) கார்த்திக், மெக்கானிக்கல் இன்ஜினீயர். சினிமா டைரக்டர் ஆகிறார். 'நண்பன்' (2012) படத்து நண்பர்களில் ஒருவர் இன்ஜினீயரிங்கை விட்டுவிட்டு கேமராவைத் தூக்குகிறார். 'டான்' (2022) ஹீரோவும் இன்ஜினீயரிங் காலேஜிலிருந்து சினிமா டைரக்டர்!

'மனசுக்குப் பிடித்ததைச் செய்' என்பது நல்ல செய்திதான். மறுக்கவில்லை. ஆனால் லோன் வாங்கிப் படிக்கிற பையனுக்கு மனசுக்குப் பிடித்ததே ஒரு இன்ஜினீயர் வேலைதான் என்றால்? அவனுக்கு எந்தப் படம்?

'வேலையில்லா பட்டதாரி' (2014) என்பீர்கள். அதனால்தான் அது அப்படி ஓடியது. சிவில் படித்தவன் சிவில் வேலைதான் வேண்டும் என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்கிறான். தம்பிக்கு ஐ.டி. வேலை, அண்ணனுக்கு மொபெட்டு. அந்த மொபெட்டில் தமிழ்நாட்டு இன்ஜினீயர்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேல்ராஜ் இயக்கிய அந்தப் படத்தின் முதல் பாதிக்கு இன்றைக்கும் என் கைதட்டல் உண்டு.

ஆனால் அவனுக்கு வேலை எப்படிக் கிடைக்கிறது? யோசித்துப் பாருங்கள். அம்மா இறந்துபோகிறார். அவருடைய நுரையீரல் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்படுகிறது. பிழைத்த பெண்ணின் அப்பா கட்டுமானக் கம்பெனி முதலாளி. நன்றிக்கு வேலை! டிகிரி கொடுக்காத வேலையைத் தாயின் நுரையீரல் கொடுக்கிறது. தியேட்டரில் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். வெளியே வந்து யோசித்தால் பயமாக இருக்கிறது. நேர் வழியில் அவனுக்கு வேலை கிடைக்கும் என்று கதை எழுதியவருக்கே நம்பிக்கை இல்லை.

கேம்பஸ் இன்டர்வியூவைக் கண்ணில் காட்டியது 'நண்பன்'தான். மாடியிலிருந்து குதித்து உயிர் பிழைத்த ஜீவா, எதையும் மறைக்காமல் உண்மை பேசுகிறார். அந்த நேர்மைக்கே வேலை கிடைக்கிறது. அருமையான சீன். ஆனால் நம்ம படப்பைப் பையனுக்கு உண்மை பேசுவதற்கே வாய்ப்பு வரவில்லையே! மூணாம் வருஷத்தில் இரண்டு அரியர். "ஸ்டாண்டிங் அரியர் இருந்தா ஹால்லயே விட மாட்டாங்க சார்" என்றான். கம்பெனி காலேஜுக்கு வந்த அன்று அவனுக்குக் கொடுத்த வேலை, வந்தவர்களுக்குத் தண்ணி பாட்டில் எடுத்து வைப்பது.

'பாடத்தையும் இன்டர்வியூவையும் யாருங்க பார்ப்பாங்க?' என்று கேட்கிறவர்கள் உண்டு. ஏன் பார்க்க மாட்டார்கள்? ஒரு பீட்சா சாப்பிட இரண்டு குப்பத்துச் சிறுவர்கள் படும் பாட்டை 'காக்கா முட்டை' என்று மணிகண்டன் எடுத்தார். பார்த்தோமே! பீட்சாவுக்கு இருக்கிற சஸ்பென்ஸ் ஆஃபர் லெட்டருக்கு இல்லையா?

பாடம் நடத்துவதே நாடகம் ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1973-ல் வந்த ஹாலிவுட் படம் 'தி பேப்பர் சேஸ்'. ஹார்வர்டு சட்டக் கல்லூரி. பேராசிரியர் கிங்ஸ்ஃபீல்டு ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறார். கேள்வி கேட்டாலே மாணவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த வாத்தியாராக நடித்த ஜான் ஹவுஸ்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. எனக்கும் பி.காமில் 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒரு பாடம். வகுப்பில் நான் தூங்கினேன், படத்தில் தூங்கவில்லை!

நம் ஊரிலேயே ஒருவர் செய்துகாட்டியிருக்கிறார். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018). திருநெல்வேலி சட்டக் கல்லூரி. ஆங்கிலத்தில் நடக்கிற பாடம் பரியனுக்குப் புரியவில்லை. அந்த அவமானத்தில் கூனிக் குறுகிப் போகிறான். ஜோ சொல்லிக்கொடுக்கிறாள். அந்தப் படம் சாதியைப் பேசியதாக எல்லோரும் எழுதினார்கள். உண்மைதான். கூடவே, தமிழ் மீடியத்திலிருந்து வந்தவனுக்கு ஒரு லெக்சர் எப்படிக் காதில் விழுகிறது என்பதையும் அது காட்டியது. அந்தக் காட்சியில் ராக்கெட் பறக்கவில்லை. ஆனாலும் தியேட்டரே அமைதியாக இருந்தது. எத்தனை பேருக்கு அது சொந்த அனுபவம்!

இதுவரை வராத ஒரு படம் என் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரே நாள் கதை. விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா எழுந்து ஃபுல் ஹேண்ட் சட்டையை இஸ்திரி போடுகிறாள். டை கட்டத் தெரியாமல் பஸ்ஸில் சீனியரிடம் கழுத்தை நீட்டுகிறான் பையன். காலையில் ஒரு பிரமுகரின் கெஸ்ட் லெக்சர். பொன்னாடை, குத்துவிளக்கு, 'வானமே எல்லை'. கைதட்டி முடிந்ததும் ஆப்டிட்யூட் டெஸ்ட். மத்தியானம் பாதிப் பேர் அவுட். குரூப் டிஸ்கஷனில் தலைப்பு புரிகிறது, விஷயமும் தெரிகிறது, இங்கிலீஷ் மட்டும் தொண்டையில் நிற்கிறது. சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட். அதில் பெயர் இருக்கிறவன், பக்கத்தில் நிற்கிற நண்பனுக்காகச் சிரிப்பை அடக்குகிறான். பெயர் இல்லாதவன், அவனுக்காகச் சிரிக்கிறான். திரும்புகிற பஸ்ஸில் அத்தனை பேர் செல்போனும் அடிக்கிறது. வீட்டிலிருந்து ஒரே கேள்வி: 'என்னாச்சு?'

இதைவிட ஒரு கிளைமாக்ஸ் வேண்டுமா?

இப்படி ஒரு படம் வந்தால் யாருக்கும் வேலை கிடைத்துவிடாது, தெரியும். வேலை கொடுப்பது சினிமாவின் வேலையும் இல்லை. ஆனால் அந்த தண்ணி லாரிக்காரர் பார்ப்பார். மகன் நாலு வருஷம் கேன்டீனில் உட்கார்ந்திருக்கவில்லை, ஒரு பெரிய சல்லடையில் சலிக்கப்பட்டான் என்று அவருக்குத் தெரியும். முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீட்டில், தோற்றவன் சொல்வதை நம்ப ஒரு சாட்சி வேண்டும். பாட்டும் டூயட்டும் காட்டி, நம் சினிமா இத்தனை வருஷமாக அவனுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

டீக்குக் காசு கொடுக்கப் போனேன். அவன் விடவில்லை. "நான் சம்பாதிக்கிறேன் சார்" என்று அவனே நீட்டினான். எதிர்ப்பக்கம் ஒரு காலேஜ் பஸ் நின்றது. தம்பியாம், ஃபர்ஸ்ட் இயர். ஜன்னலிலிருந்து கை காட்டினான்.

"அவனுக்கு அரியர் இல்லாம பார்த்துக்கிறேன் சார். தினம் நைட்டு ஷிஃப்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நானே கிளாஸ் எடுக்குறேன்."

"அப்பா என்ன சொல்றார்?"

"பக்கத்துல உக்காந்து பார்ப்பாரு. இப்பல்லாம் டி.வி.யை ஆஃப் பண்ணிடுறாரு."