கொள்ளைநோயும் ஒரு கோழைக் குருவும்

இத்தாலிய எழுத்தாளர் அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி (1785–1873) இயற்றிய ‘மண ஒப்பந்தமானவர்கள்’ என்னும் நாவலை, இறைப்பராமரிப்பைப் பாடும் உரைநடைக் காவியம் என்று போற்றுவோர் உளர். அதே காரணத்திற்காக, இது கதையல்ல, நீண்டதொரு மறையுரை என்று ஒதுக்குவோரும் உளர். திருமணத்திற்குக் காத்திருக்கும் இளையோர் இதைப் படிக்கவேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் பரிந்துரைத்தார். போற்றுவோரும் ஒதுக்குவோரும் நூலைச் சற்று அவசரமாகவே புரட்டியிருக்கிறார்கள் என்பது நம் எண்ணம்.

கதை நிகழ்வது 1628 முதல் 1630 வரை, ஸ்பானியர் ஆட்சியிலிருந்த லொம்பார்தியில். ரென்சோ பட்டு நூற்பவன். லூசியா அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். அவள்மேல் கண் வைத்த தோன் ரொத்ரிகோ என்னும் நிலப்பிரபு, அடியாட்களை அனுப்பிப் பங்குக் குருவை மிரட்டுகிறான், திருமணம் நின்றுவிடுகிறது. பஞ்சம், மிலான் நகரில் ரொட்டிக் கலகம், போர்ப்படையின் சூறையாடல், இறுதியில் கொள்ளைநோய் என்று துன்பங்கள் அலையலையாய் வந்து அவ்விருவரையும் பிரித்துப் போடுகின்றன.

மிரட்டலுக்குப் பணிந்த குரு தோன் அப்போந்தியோவைப் பொதுநிலையினர் சிரித்துக்கொண்டே படிக்கலாம். பங்குப் பொறுப்பில் இருக்கும் எம்மைப் போன்றோருக்கு அது அவ்வளவு எளிதன்று. அவர் கொடியவர் அல்லர். அமைதியாக வாழ விரும்பும் மனிதர், அவ்வளவே. கொள்ளைநோயில் ரொத்ரிகோ மாண்டான் என்று கேட்டதும் இவர் வாயில்தான் இறைப்பராமரிப்பின் புகழ்ச்சி பெருக்கெடுக்கிறது! தம்மை அச்சுறுத்தியவனைக் கூட்டித் தள்ளிய துடைப்பமாக அந்நோயைக் காண்கிறார். தம் வீட்டைப் பேணிவந்த பெர்ப்பெத்துவாவையும் அதே நோய்தான் கொண்டுபோனது. துடைப்பக் கணக்கில் அவள் எந்தப் பக்கம்?

மன்சோனியின் நுட்பம் இங்கேதான் விளங்குகிறது. ‘இறைப்பராமரிப்பு’ என்னும் சொல்லை அவர் பெரும்பாலும் கதைமாந்தரின் நாவிலேயே வைக்கிறார். யார் சொல்கிறார், எந்த நிலையில் சொல்கிறார் என்பதைக் கொண்டு நாம் எடைபோட வேண்டும். தோன்னா பிராஸ்ஸேதே என்னும் சீமாட்டி, தன் மூளையில் உதிப்பதையே விண்ணகத்தின் திருவுளமாக எண்ணிப் பிறரைத் திருத்தப் புறப்படுகிறாள். (அப்படிப்பட்டவர் இல்லாத பங்கு உண்டோ?) ரென்சோவோ, தப்பியோடும் வழியில், கையிலிருந்த கடைசிக் காசுகளைப் பசித்த ஒரு குடும்பத்திற்குக் கொடுத்துவிட்டு, இறைப்பராமரிப்பு இருக்கிறது என்கிறான். அதே சொல்தான், அப்போந்தியோ பிறர் சாவுக்குப்பின் சொல்கிறார், இவன் தன்னிடமுள்ளதைக் கொடுத்துவிட்டுச் சொல்கிறான்.

கதையின் சிகரம் மிலானின் நோயாளர் விடுதியாகிய லாத்சரெத்தோ. அங்கே கப்புச்சின் துறவி கிறிஸ்தோஃபோரோ அடிகள், உணர்விழந்து கிடக்கும் ரொத்ரிகோவின் முன் ரென்சோவை நிறுத்துகிறார். இது தண்டனையோ இரக்கமோ நாம் அறியோம் என்கிறார். மன்னிக்கவும் மன்றாடவும் பணிக்கிறார். பின்னர் அந்நோயாளரிடையே பணிபுரிந்தே அவரும் மடிகிறார். தீயவனை மட்டும் தேடிக் கொல்லும் நோயாக இருந்திருந்தால் நூல் மலிவாகிப் போயிருக்கும்.

நோயின் வரலாற்றையும் ஆசிரியர் ஒளிக்கவில்லை. 1630 ஜூன் 11-ல் தூய சார்லஸ் பொரோமேயோவின் திருவுடலைத் தாங்கி நகரெங்கும் பவனி சென்றனர். கர்தினால் ஃபெதெரிகோ பொரோமேயோ முதலில் மறுத்து, பின்னர் இணங்கினார். அடுத்து வந்த நாள்களில் சாவு பெருகியது. கூட்ட நெரிசலைக் காரணமாகக் காணாத மக்கள், யாரோ நச்சு மை பூசினார்கள் என்றனர். சுகாதார அலுவலர் பியாத்சாவும், முடிதிருத்துநர் மோராவும் சித்திரவதைக்குப்பின் கொல்லப்பட்டனர். இவ்வழக்கை ‘இழிவுத் தூண் வரலாறு’ என்று தனியே எழுதி, நாவலின் இறுதிப் பதிப்போடு மன்சோனி இணைத்தார். காலத்தின் அறியாமையே நீதிபதிகளை அவ்வாறு செய்யவைத்தது என்று விட்டுவிட்டால், பழி கடவுள்மேல்தான் போய் விழும் என்பது அவர் வாதம். ஆகவே மனிதர் செய்ததை மனிதர் தலையிலேயே வைக்கிறார். 2020-ல் அதே லொம்பார்தி மீண்டும் பிணக்காடானபோது, இது இறைவனின் சாட்டை என்று நம் ஊர்களிலும் சிலர் முழங்கினார்களே, அவர்கள் இப்பகுதியைப் படித்திருந்தால் நலமாயிருந்திருக்கும்.

குறையும் உண்டு. ‘பெயரிலான்’ என்னும் கொடியவன் ஓர் இரவின் கலக்கத்திலும் மறுநாள் கர்தினாலின் அணைப்பிலும் மனந்திரும்புவது எமக்குச் சற்று விரைவாகவே படுகிறது. ஆனால் முடிவு பொய்யாகவில்லை. தான் கற்ற பாடங்களை ரென்சோ அடுக்கும்போது, நான் துன்பத்தைத் தேடிப் போகவில்லையே, அதுவன்றோ என்னைத் தேடி வந்தது என்று லூசியா கேட்கிறாள். மாசற்ற நடத்தை துன்பத்தைத் தடுக்காது, இறைநம்பிக்கை அதைத் தாங்கத்தக்கதாக்கும் என்ற அளவிலேயே இருவரும் நிற்கின்றனர். ஏன் வந்தது என்பதற்கு விடையில்லை.

நாவல் முதலில் 1827-ல் வெளிவந்தது. 1833-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று மன்சோனியின் மனைவி என்ரிக்கெத்தா இறந்தார். மறு ஆண்டு மூத்த மகள் ஜூலியா. மனைவி இறந்த அந்நாளைப் பற்றி அவர் தொடங்கிய கவிதையை முடிக்க இயலவில்லை. 1840-க்கும் 1842-க்கும் இடையில் நாவலின் இறுதிப் பதிப்பு வெளிவந்தபோது, அதன் மொழியை அவர் பக்கத்திற்குப் பக்கம் திருத்தியிருந்தார். லூசியாவின் அந்த முடிவை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தார்.